எதிர்ப்பேச்சு இல்லாத உம்ரா

தொலைபேசியில் பேசுவது எனக்குப் பிடிக்காது. எழுதியதைத் திருத்தலாம், பேசியதைத் திருத்த வழியில்லை. இந்த ஒரே காரணத்தால் குடும்பத்தில் எனக்கு அடக்கமான பெண் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. அதை நான் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட எனக்குத்தான், எவரும் நியமிக்காமலே, ஓர் உத்தியோகம் வாய்த்தது. பயணக் குழுக்களில் சேராமல் தாங்களாகவே மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படுகிற எங்கள் திருவனந்தபுரம் மணக்காட்டு உறவினர்களுக்கும், அவர்களுடைய அண்டை வீட்டாருக்கும், அந்த அண்டை வீட்டாரின் சம்பந்திகளுக்கும் நான்தான் உதவி மையம். தொடக்கம் எளியது. வாப்பாவின் தம்பிக்கு இணையத்தில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். பிழையில்லாமல், முதல் முறையிலேயே விசா வந்துவிட்டது. தமிழ் இலக்கியம் படிக்கிறவளால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று அதுவரை சொல்லிவந்த சாச்சா, அன்று அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்குவதற்குள் என் எண்ணை எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

பயணச்சீட்டு, மக்காவின் ஹரம் பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் விடுதி, சவூதி சிம், அனுமதி பெறுவதற்கான செயலி எல்லாம் அன்று முதல் என் பொறுப்பு. புறப்படுகிற ஒவ்வொருவருக்கும் விடுதியின் பெயரை அரபியில் அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவேன். அங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணைத் தொலைபேசியின் உறைக்குள் ஒட்டிவிடுவேன். எந்த வாசல் வழியாக ஹரத்துக்குள் நுழைகிறார்களோ அந்த வாசலின் எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்வேன். சந்தேகம் வந்தால் எழுதுங்கள், அழைக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு அழைப்பார்கள்.

வருகிற அவசரங்களில் பெரும்பாலானவை செருப்பைப் பற்றியவை. ஒரு வாசலில் கழற்றிவிட்டு, வேறொரு வாசல் வழியாக வெளியே வந்து, செருப்பு களவு போய்விட்டது என்று திருவனந்தபுரத்துக்கு அழைத்து முறையிடுவார்கள். ஒருமுறை, விமானத்திலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக ஒருவர் கேட்டார்: விமானத்தில் கொடுத்த ஈரத்தாளில் எலுமிச்சை வாசம் வருகிறது, இஹ்ராம் உடையில் இருக்கும்போது நறுமணம் கூடாதே, என்ன செய்வது? துடைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். துடைக்கவில்லை, மோந்துதான் பார்த்தேன் என்றார். மார்க்கத் தீர்ப்புகளை நான் வழங்குவதில்லை. பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு, உரிய நிறுத்தற்குறிகளோடு அனுப்பிவைப்பது மட்டுமே என் வேலை. உண்மையான அவசரங்களுக்கு மக்காவில் ஒரு துணை உண்டு. அங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் கொல்லத்துச் செவிலியர் ஒருவர், ஓய்வு நேரத்தில் தனியாக வருகிற யாத்ரீகர்களுக்கு உதவுவார். நேரில் பார்த்ததில்லை. அக்கா என்ற பொருளில் இத்தா என்று அழைப்பேன்.

இனி, பெரியம்மா. என் உம்மாவின் அக்கா. அவரும் பெரியவாப்பாவும் மேலப்பாளையத்திலிருந்து வந்து, கழக்கூட்டத்தில் மென்பொருள் அலுவலகங்களுக்குப் பின்னால் உள்ள சந்தில் விடுதிப் பிள்ளைகளுக்காக ஒரு மெஸ் நடத்துகிறார்கள். சமையலறை பெரியம்மாவுடையது, கல்லா பெரியவாப்பாவுடையது. இடையே ஒரு சுவர். சுவரில் தட்டு நீட்டுவதற்கு ஒரு சதுரத் திறப்பு. அதன் வழியாகச் சோறு வரும், குழம்பு வரும், ஏச்சும் வரும். ஏச்சு மட்டும் எப்போதும் சூடு ஆறாமல் வரும் என்று அங்கே சாப்பிடுகிற பிள்ளைகள் சொல்வதுண்டு.

பெரியவாப்பா எதைச் சொன்னாலும் பெரியம்மா அதற்கு மாறாகவே செய்வார். கோபத்தால் அல்ல, கொள்கையால். பெரியவாப்பாவும் அதை ஒரு குறையாகக் கருதாமல், கைக்குப் பழகிய கருவியாக வைத்திருந்தார். மீன்குழம்பு சாப்பிட ஆசை வந்தால் காலையில் திறப்பருகே குனிந்து, "இன்னைக்கு மீன் ஒண்ணும் வேண்டாம் கேட்டியா" என்பார். மதியம் சந்து முழுவதும் மீன் மணக்கும். வெயிலில் பெரியம்மா சந்தைக்கு அலைய வேண்டாம் என்று தோன்றினால், "இன்னைக்கு நீதான் போகணும்" என்பார். பெரியம்மா அசையமாட்டார். சொன்ன சொல் ஒருமுறைகூடச் சொன்னபடி நடக்காமல், ஒரு குடும்பமும் ஒரு மெஸ்ஸும் எந்தக் குறையும் இல்லாமல் நடந்துவந்தன.

அவர்கள் குழுவில் சேராததற்குக் காரணமும் இதுவே. பயணக் குழுவின் தலைவர் வீட்டுக்கே வந்து, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒன்றாக நடக்க வேண்டும், தாம் சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்று விளக்கினார். பெரியம்மா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னை அழைத்தார். "காசையும் கொடுத்துட்டு கட்டளையும் கேக்கணுமாக்கும். கட்டளை போட எனக்கு வீட்டிலயே ஒருத்தர் இருக்காரு. அது ஓசி. நீயே எல்லாம் பாத்துக் கொடு."

பார்த்துக் கொடுத்தேன். புறப்படுவதற்கு முன்பு பல வாரங்கள், மெஸ் திறப்பதற்கு முன்னால், பெரியம்மா அந்தச் சந்தில் மேலும் கீழும் நடந்து பழகினார். சர்க்கரை நோய் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. அங்கே சக்கர நாற்காலி கிடைக்கும் என்று நான் சொன்னபோது, கரண்டியை என் பக்கம் நீட்டினார். "நாற்காலி கீற்காலின்னு உன் பெரியவாப்பா காதுல போட்டுடாத. நான் என் காலால நடந்து முடிக்கணும்."

புறப்படுகிற நாளில் இன்னொன்றும் சொன்னார். உம்ராவுக்குப் போகும் பெண்களுக்கான வகுப்பில் ஆலிம், இஹ்ராம் என்பது வெறும் உடையல்ல, ஒரு நிலை, அந்த நிலையில் வீண் தர்க்கம் ஆகாது என்று பாடம் நடத்தியிருந்தார். பெரியம்மா திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைத் தம்மைப் பற்றிய செய்தியாகவே கேட்டிருக்கிறார்.

"நான் மனசுல நிய்யத்து வச்சாச்சு," என்றார். "இஹ்ராம் கட்டுனதுலேர்ந்து கடைசியா முடி வெட்டி உம்ராவ முடிக்கிற வரைக்கும் அவரு சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல மாட்டேன். என்ன சொன்னாலும் சரி, அப்படியே செய்வேன்."

"பெரியவாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நல்லாருக்கே. தெரிஞ்சா மனுஷன் மக்கா முழுக்க என்னைய வேலை வாங்கிருவாரு. உன்கிட்ட சொன்னது அமானிதம். வெளிய போகப்பிடாது."

அமானிதம் என்று ஒப்படைத்த இரகசியத்தை வெளியே விடக்கூடாது. வாக்குக் கொடுத்தேன். என் பேசாத சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணி இருக்க முடியாது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவர்கள் மக்கா போய்ச் சேர்ந்த மறுநாள், வகுப்பு முடிந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். சன்னலோர இருக்கையில், கழக்கூட்டத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வலியசாலைக்குத் திரும்பும் ஒரு மாமி இருந்தார். மடியில் ஒரு பை, பையில் பலாப்பழச் சுளைகள், பையைச் சுற்றி இரு கைகள். நான் உட்கார்ந்ததும் மகனைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். நான் புன்னகையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீகாரியத்து நெரிசலில் பேருந்து அடங்கி நின்றபோது பெரியவாப்பா அழைத்தார்.

"மோளே, உன் பெரியம்மாவக் காணல்ல."

பேருந்தில் நான் பேசியதே இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "எங்க வச்சு?"

"கஅபாவச் சுத்தி தவாஃப் முடிச்சாச்சு. லுஹரும் தொழுதாச்சு. நான் பாத்ரூம் போறேன், நீ இந்த வாசல்லயே நில்லு, நான் வர்ற வரைக்கும் அசையப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போனேன்."

"திரும்பி வந்து பாத்தப்போ இல்லியா?"

"திரும்பி எதுக்கு அங்க போறேன்? நேரா ஹோட்டலுக்கு வந்தேன். இங்கயும் இல்ல. காத்திருந்து காத்திருந்து பாத்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "வாசல்ல நிக்கச் சொல்லிட்டு நீங்க ஏன் ஹோட்டலுக்குப் போனீங்க?"

"நில்லுன்னா அவ நிப்பாளா?" சிறு குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவர் குரலில் இருந்தது. "முகம் வாடிக்கிடந்தா. போய் கொஞ்சம் படுன்னு சொன்னா படுப்பாளா? அதான் நில்லுன்னேன். என்னைய எதுத்துக்கிட்டு இங்க வந்து படுத்திருப்பான்னு பாத்தா, ஆளையே காணல்ல."

"அவங்க போன்?"

"அடிச்சேன். அணைஞ்சு கிடக்கு. தொழுகை, இபாதத்து நேரத்துல போன் எதுக்கு, அணைச்சு வைன்னு காலையில ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னா அணைப்பான்னு நான் கனவா கண்டேன்?"

"பிஸ்கட்டு, ஈச்சம்பழம் வச்சிருந்த பை?"

"அது என் தோள்ல இருக்கு. கொண்டா நான் சுமக்கறேன்னேன். கொடுத்துட்டா. அப்பமே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது."

எனக்கு எல்லாம் துலங்கிவிட்டது. பையைக் கொடு என்றார், கொடுத்துவிட்டார். தொலைபேசியை அணை என்றார்; அணைத்துவிட்டார். நில் என்றார். மீறப்படும் என்ற முழு நம்பிக்கையோடு சொல்லப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் பெரியம்மா எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். அந்த வாசலில், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தின்ன ஒன்றுமில்லாமல், நிய்யத்தின் பலத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். இதை அறிந்த ஒரே ஆள் ஸ்ரீகாரியம் நெரிசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாய் திறக்கக் கூடாது.

இத்தாவுக்குச் செய்தி எழுதினேன். உடனே அழைத்தார், அவரும் எழுதுகிற ஆள் இல்லை.

"மோளே, நான் டியூட்டில ஆணு. இறங்க நேரமெடுக்கும். நீ நல்லா கேளு. மாத்திரை போட்டுட்டுப் பட்டினியா நிக்கறதுதான் எனக்குப் பேடி, பயம். வேர்க்கும், கை விறைக்கும். பக்கத்துல யாரு உண்டோ அவங்க போய் ஈச்சப்பழம் கொடுக்கணும். பேச்சு குழறினாலோ, கேட்டதுக்கு மாறிப் பதில் சொன்னாலோ ஆம்புலன்ஸ். பின்னே ஆலோசிக்கவே வேண்டா."

பக்கத்தில் இருப்பவர் ஒருவரே. பெரியவாப்பாவை அழைத்தேன். "பெரியவாப்பா, நீங்க உடனே அந்த வாசலுக்குப் போங்க. பெரியம்மா அங்கதான் இருப்பாங்க."

"யாரு, உன் பெரியம்மாவா? நில்லுன்னு சொன்ன எடத்துலயா?" என்று சிரித்தார். "நீ படிச்ச பிள்ள, உனக்கு அவளத் தெரியாது. அவ கடைத்தெருவுலதான் இருப்பா. தொழுகைக்கு முஸல்லா விரிப்பு வாங்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். நான் அந்தப் பக்கம் போய்ப் பாக்கறேன்."

"இல்ல பெரியவாப்பா, வாசல்லதான்."

"எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் அவர் துல்லியமாகக் கேட்டுவிட்டார். தாம் சொன்னதே சரி என்று முடிவு செய்து, தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

மாமி என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். "கொழந்தே, யாரு தொலைஞ்சுபோய்ட்டா?"

"என் பெரியம்மா. மக்காவுல."

"எங்க நாத்தனார் காசியில தொலைஞ்சா. கண்டுபிடிச்சுட்டோம்." சற்று யோசித்தார். "அவ்வளவு பரபரன்னு தேடியிருக்க வேண்டாம்." பிறகு, "உங்க பெரியம்மா எங்க இருக்கான்னு நோக்குத் தெரியறது. அவருக்குத் தெரியல்லை. சொல்லேன்."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கறாரு."

"கேக்க மாட்டாரா? ஆம்படையானா லட்சணமா இருக்கார்," என்று சொல்லிவிட்டுப் பலாச்சுளைப் பையை இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு வீட்டில் இத்தனை காலம் வெற்றிகரமாக நடந்துவரும் ஒரு முறையை, ஒருவர் மட்டுமே மற்றவர் மீது கையாள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மீண்டும் அழைத்தேன். என்னால் இயன்ற அளவு கனிவாகப் பேசினேன்.

"பெரியவாப்பா, நீங்க சொன்னதுதான் சரி. நீங்க எங்கயும் போக வேண்டாம். ஹோட்டல்லயே இருங்க. முக்கியமா அந்த வாசல் பக்கம் போயிராதீங்க. இந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல, உங்களால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வயசு இருக்குல்லா. நான் வேற நல்ல இளைய ஆளா யாரையாவது அனுப்பறேன்."

மறுமுனையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது: "யாருக்கு வயசாச்சுங்கற?"

அழைப்பு அறுந்தது. அறைக் கதவு அடிபட்டுச் சாத்தப்படும் ஓசை கடைசியாகக் காதில் விழுந்ததா, அல்லது நான் விரும்பியதால் விழுந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"போய்டுவார்," என்றார் மாமி.

பேருந்து உள்ளூர் நிறுத்தத்தைத் தாண்டியது. நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவாப்பா அனுப்பிவைத்திருந்த வாசல் எண்ணின் படத்தைத் திறந்து, அதில் தெரிந்த கூட்டத்தைப் பெரிதாக்கினேன். எல்லோரும் வெள்ளை உடையில் இருந்தார்கள். அந்தக் கல்தரையில், வெறும் வயிற்றோடு, ஒரு சொல்லின் மீது நிற்கிற பெண்மணியை நினைத்துக்கொண்டேன். மாமி கேட்காமலே ஒரு பலாச்சுளையை என் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சாப்பிட்டேன். பட்டம் நிறுத்தம் போயிற்று, பாளையம் போயிற்று. தம்பானூரில் பாதிப்பேர் இறங்கினார்கள். பேருந்து கிழக்கேகோட்டையில் நின்றபோதுதான் அழைப்பு வந்தது.

"மோளே," என்றார் பெரியவாப்பா. மூச்சு வாங்கியது. "வாசல்லதான் இருக்கா."

நான் கண்களை மூடிக்கொண்டேன். "எப்படி இருக்காங்க?"

"தூண்ல சாஞ்சு நின்னா. மேலெல்லாம் வேர்வை. ஈச்சப்பழம் கொடுத்தேன், தண்ணி கொடுத்தேன். பையில இருக்கற சர்க்கரை மிஷின்ல விரலக் குத்திப் பாத்தேன். முதல்ல கம்மியாத்தான் காட்டுச்சு, இப்ப சரியாக் காட்டுது. ஆனா ஆள் சரியில்ல மோளே."

"ஏன்? பேச்சு குழறுதா?"

"குழறல்ல." குரலைத் தாழ்த்தினார். "ஏசல்ல."

"என்ன?"

"என்னைய ஏசல்ல. இவ்வளவு நேரம் வெயில்ல நிக்க விட்டுட்டுப் போயிருக்கேன். கண்டதும் என்ன சொல்லணும்? ஏழு தலைமுறையையும் இழுக்க வேண்டாமா? 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டா. அவ்வளவுதான். பிளேன்லேர்ந்தே இப்படித்தான் இருக்கா. சர்க்கரை மண்டைக்கு ஏறிட்டு. அந்த ஆம்புலன்ஸ் நம்பர் எங்க ஒட்டியிருக்க?"

பேருந்தில் எங்களைத் தவிர யாருமில்லை. நடத்துநர் வந்து நின்றார். "ஸ்டாண்ட் எத்தி அம்மே. இறங்ஙணம்."

"செத்த நில்லுப்பா," என்றார் மாமி. "பெரியம்மா கெடைச்சுட்டா. ஆனா திட்டலையாம்."

நடத்துநர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்.

இத்தா சொன்னதை மறக்கவில்லை. கேட்டதற்கு மாறிப் பதில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பெரியம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். சலாம் சொன்னார், குரல் களைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"பெரியம்மா, பிரியாணிக்கு அரிசியை எந்தப் பதத்துல வடிப்பீங்க?"

"முக்கால் பதத்துல. நகத்தால கிள்ளினா நடுவுல வெள்ளைப் பொட்டு தெரியணும். பரீட்சையா வைக்கற?"

"உப்பு எப்பப் போடுவீங்க?"

"தண்ணி கொதிக்கும்போது." கொஞ்சம் தயக்கம். "உன் பெரியவாப்பா வடிச்சதுக்கு அப்புறம் போடலாம்பாரு. அதுவும் சரியாத்தான் இருக்கும்."

பின்னால் பெரியவாப்பாவின் குரல் நடுங்கியது. "கேட்டியா? கேட்டியா மோளே? உப்பு விஷயத்துல என்னைய சரிங்கறா. இது ஆம்புலன்ஸ் கேஸேதான்."

இனி அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரிந்தது. மிரண்டுபோயிருந்தார். ஆம்புலன்ஸ் இல்லையென்றால் சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்வார், "உக்காரு" என்பார். பெரியம்மா உட்கார்ந்துவிடுவார். ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே நடக்கிற தொங்கோட்டம் மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் கழக்கூட்டத்துச் சந்தில் விடிவதற்கு முன்னால் நடந்தார். தாமே வைத்த நிய்யத்தால் இப்போது வாய் கட்டுண்டு, தாம் ஆசைப்பட்டதைக் கேட்க முடியாமல் நிற்கிறார். நான் சொல்லவும் முடியாது.

"நாற்காலிக்காரன் ஒருத்தன் நிக்கான்," என்றார் பெரியவாப்பா. "கூப்பிடப் போறேன்."

தொலைபேசியில், பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கேட்டது.

"பெரியவாப்பா," என்றேன். "ஒண்ணு செய்ங்க. அவங்ககிட்டச் சொல்லாதீங்க. கேளுங்க."

"என்ன கேக்க?"

"நடக்கறியா, நாற்காலியில வர்றியான்னு கேளுங்க."

"கேக்கவா?" அந்தச் சொல்லைப் புதிய காய்கறியைப் போலத் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் கேட்டதில்லியே."

"இன்னைக்குக் கேளுங்க."

கேள்விக்குப் பதில் சொல்வது எதிர்ச்சொல் ஆகாது. ஆலிமிடம் கேட்டு உறுதி செய்ய நேரமில்லை. அன்று ஒரு தீர்ப்பை நானே வழங்கினேன். பெரியவாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்ணிடம் வழி விசாரிப்பவரைப் போல, "நடக்கறியா?" என்று கேட்டார்.

"நடக்கறேன்," என்றார் பெரியம்மா, கேள்வி முடிவதற்கு முன்பே.

"மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போங்க," என்றேன். "ஈச்சம்பழப் பையக் கழட்டி அவங்க தோள்ல போட்டுருங்க. நடுவுல நிறுத்தி உக்கார வைங்க. கிறுகிறுத்தா உடனே நாற்காலி. முடி வெட்டி முடிச்சதுக்கு அப்புறமும் ஏசலைன்னா, ஆம்புலன்ஸை நானே கூப்பிடுறேன்."

"ஏசலைன்னா," என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

"ஏசலைன்னா."

நடத்துநர் எழுந்தார். "கிட்டியல்லோ, பின்னே எந்தா," என்று சொல்லிவிட்டு எங்களை இறக்கினார். மாமி வலியசாலைப் பக்கம் திரும்புவதற்கு முன் என் தொலைபேசியை வாங்கித் தம் எண்ணை அழுத்தி, ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டார். "திட்டினாளா இல்லையான்னு தெரியாம நேக்கு ராத்திரி சாதம் எறங்காது," என்றார்.

வீட்டில் உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். இத்தாவுக்கு நடந்ததை எழுதினேன். வேலை முடிந்ததும் விடுதிக்குப் போய் ஒருமுறை பார்த்துவருவதாகவும், இப்படி ஒரு நோய்க்குறியைத் தாம் படித்ததில்லை என்றும் சொன்னார். மஃரிப் தொழுகை முடிந்தது. தொலைபேசி படுத்தே கிடந்தது. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் தவறாகக் கணித்திருந்தால், பெரியம்மாவின் அந்தப் பணிவு நிய்யத்தாக இல்லாமல் உடம்பின் கோளாறாகவே இருந்தால், என்னுடைய துல்லியமெல்லாம் என்ன பெறும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அழைப்பு வந்தபோது எடுத்த எடுப்பில் காதிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"விரல் நுனி அளவு வெட்டணும்னு ஆலிம் சொன்னது மனுஷ விரலு. உங்க கையில கத்தரிக்கோலக் கொடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும். பாதி சடையக் காணோம். நில்லுன்னு சொல்லிட்டு ஏசி ரூம்ல போய் உக்காந்தா அது நிக்கச் சொல்றதா? ஒருத்தி நிக்கறாளேன்னு எட்டிப் பாக்க வேண்டாம்? என் பையத் தோள்ல மாட்டிட்டுப் போனாரு, சுல்தான் ஊர்வலம் போற மாதிரி. பிஸ்கட்ட நீங்களா தின்னீங்க? பாதி பாக்கெட்டக் காணோம். அரிசி வடிச்சதுக்கு அப்புறம் உப்பாம். உங்க உம்மா வீட்டுலகூட அப்படிப் போட மாட்டாங்க."

நான் பேச இடமே இல்லை. உம்மா அக்காவின் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "லாத்தா குரல்தானே? நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

அந்த ஏச்சு மழைக்கு நடுவே பெரியவாப்பாவின் குரல் கேட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில்கூட அவர் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் கேட்டதில்லை. "கேட்டியா மோளே? சரியாயிட்டா. முழுக்க நடந்தா. இப்ப ஒரு கொறையும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

"யார்கிட்ட என்னையச் சொல்றீங்க?" என்றது பின்னணி.

அழைப்பை முடித்தேன். வலியசாலை எண்ணுக்கு ஒரு சொல் எழுதினேன்: திட்டிவிட்டார்.

எழுத்தாகப் பதில் வரவில்லை. குரல் பதிவு வந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. "நன்னாத் திட்டினாளா?"

நன்றாக, என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினேன்.